ஒரு சிங்கப் பாடலும் 10 ஷில்லிங்கும்

வெற்றி பெற்ற பாடல்களின் பின்னணிக் கதைகளைப் பேசுவோர் திறமையையும் அதிர்ஷ்டத்தையும் சிலாகிப்பர். அந்த வெற்றியின் பலன் யாருடைய கைக்குச் சென்றது என்பதை ஆராய்வோர் குறைவு. 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற ஆங்கிலப் பாடலின் வரலாறு இக்கேள்வியை விட்டு விலக முடியாத ஒன்றாகும்.

பாடலின் மூல ஆசிரியர் சொலமன் லிண்டா, தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1909 இல் பிறந்த சூலு இனத்தவர். வேலை தேடி ஜொஹன்னஸ்பேர்க் நகருக்கு வந்து, கலோ இசைத்தட்டு நிறுவனத்தில் தொழிலாளியாகச் சேர்ந்தார். 1939 இல் அதே நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்னும் தமது குழுவினருடன் 'எம்புபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். சூலு மொழியில் அதன் பொருள் சிங்கம். பதிவின் இறுதியில், முன்னேற்பாடு ஏதுமின்றி அவர் இழைத்த சில சுரங்களே பின்னர் உலகப் புகழ் பெற்றன. ஏறத்தாழ ஒரு இலட்சம் இசைத்தட்டுகள் விற்பனையாயின. அந்தப் பாணியில் அமைந்த இசைவகைக்கே 'எம்புபே' என்ற பெயர் நிலைத்தது. ஆயினும் பாடலுக்காக லிண்டா பெற்ற தொகை 10 ஷில்லிங் என்றே கூறப்படுகின்றது.

நாட்டாரிசை ஆய்வாளர் அலன் லோமக்ஸ் மூலம் அந்த இசைத்தட்டு அமெரிக்கப் பாடகர் பீற் சீகரின் கைக்கு எட்டியது. சூலுச் சொற்களைச் சீகர் 'விமோவே' என்று செவிமடுத்தார். அப்பெயரிலேயே அவரது 'வீவர்ஸ்' குழுவின் பாடல் 1952 இல் வெளியானது. ஆசிரியர் இடத்தில் 'போல் கம்பெல்' என்ற புனைபெயர் இடப்பட்டது. ஆபிரிக்காவிலிருந்து வந்த பாடல் நாட்டார் பாடலாகத்தான் இருக்கும், அதற்கு உரிமையாளர் இருக்க மாட்டார் என்ற எண்ணம் பதிப்பாளருக்கு வசதியாக அமைந்தது. உண்மையை அறிந்த சீகர் லிண்டாவுக்கு 1,000 டொலர் அனுப்பினார். உரிமைப் பணத்தை அவருக்கு வழங்குமாறு பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். எனினும் அது ஒழுங்காகச் சென்றடையவில்லை.

1961 இல் ஜோர்ஜ் வைஸ் உள்ளிட்ட மூவர் மெட்டை மாற்றியமைத்து, ஆங்கில வரிகளைச் சேர்த்தனர். 'டோக்கன்ஸ்' குழு பாடிய அவ்வடிவம் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு, 1962 ஒக்டோபரில், சிறுநீரக நோயினால் லிண்டா காலமானார். அவரது வங்கிக் கணக்கில் 25 டொலர் கூட இருக்கவில்லை. கல்லறைக்கு ஒரு நினைவுக்கல் நாட்டவும் குடும்பத்தினருக்கு வசதியிருக்கவில்லை.

டிஸ்னியின் 'த லயன் கிங்' திரைப்படம் 1994 இல் இப்பாடலைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது. அப்போதும் லிண்டாவின் மகள்மார் வறுமையிலேயே வாழ்ந்தனர். 2000 இல் தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் ரியான் மலான் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகையில் இக்கதையை விரிவாக எழுதினார். பாடல் ஈட்டியிருக்கக்கூடிய உரிமைப் பணம் 150 இலட்சம் டொலர் என்பது அவரது மதிப்பீடு.

நியாயத்தின் கதவைத் திறந்தது, பேரரசுக் காலத்துச் சட்டம் ஒன்று. ஆசிரியர் தமது உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகளின் பின் அது வாரிசுகளுக்குத் திரும்பும் என 1911 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் கூறியது. அதன்படி 1987 இல் உரிமை குடும்பத்தை வந்தடைந்தது என்று சட்டத்தரணி ஓவென் டீன் வாதிட்டார். 2004 இல் டிஸ்னிக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2006 பெப்ரவரியில், பாடலின் உரிமையை வைத்திருந்த அபிலீன் மியூசிக் நிறுவனத்துடன் இணக்கம் காணப்பட்டது. லிண்டா இணை ஆசிரியராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்; குடும்பத்துக்குப் பணமும் கிடைத்தது.

அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டமே இலங்கையிலும் 1979 வரை நடைமுறையில் இருந்தது. ஆனால் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. பாடியவர் யார் என்ற பதிவும், அதைத் தேடி எழுதும் ஒருவரும் வேண்டும். தோட்டத்திலும் வயலிலும் கடற்கரையிலும் பிறந்த பாடல்களை நாம் அச்சேற்றும்போது 'நாட்டார் பாடல்' என்ற இரு சொற்களை எளிதாக இட்டுவிடுகின்றோம். அதற்கு முன், பாடியவரின் பெயரை அவ்வூரில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நமது கடமை.