கற்றல் குழுமங்களில் ஆசிரியப் பயிற்சி: ஒரு வரலாறு

ஒரே மாணவர் குழு இரண்டு மூன்று பாடங்களைப் பொதுவான ஒரு பொருளின் கீழ் இணைத்துப் படிக்க, அப்பாடங்களின் ஆசிரியர்கள் கூடித் திட்டமிட்டுக் கூடியே கற்பிக்கும் ஏற்பாடு அமெரிக்கக் கல்லூரிகளில் கற்றல் குழுமம் எனப்படுகிறது. தம் துறைக்குள் தனியே விரிவுரையாற்றிப் பழகியவர்களை இப்பணிக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி என்ற கேள்விதான் தொடக்கம் முதலே இம்முறையின் வாழ்வையும் முடிவையும் பெரிதும் தீர்மானித்து வந்திருக்கிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் 1927இல் தொடங்கிய சோதனைக் கல்லூரி, முதலாண்டில் பண்டைய ஏதென்ஸையும் இரண்டாமாண்டில் அமெரிக்காவையும் பாடமாக வைத்து, 1932இல் மூடப்பட்டது. அவருடைய மாணவர் ஜோசப் டஸ்மன் 1965இல் பெர்க்லியில் அதைப் புதுப்பித்தார். ஆயினும் தத்தம் துறையை விட்டு வரக்கூடிய நிலையான பேராசிரியர்கள் போதிய அளவில் கிடைக்காததால் அதுவும் 1969இல் நின்றுபோனது.

இக்குறைக்கு விடை கண்டது, 1971இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் திறக்கப்பட்ட எவர்கிரீன் மாநிலக் கல்லூரி. துறைப் பிரிவுகளே இல்லாத அக்கல்லூரியில், ஒரு குழுவின் ஆசிரியர்கள் மாணவர்கள் இல்லாமல் தமக்குள் கூடி, மாணவர்கள் படிக்கவிருக்கும் அதே நூலை விவாதிப்பது ஆசிரியர் கருத்தரங்கு என்று பெயர் பெற்றது. உயிரியல் கற்றவர் கிரேக்க நாடகத்தைப் பற்றித் தம் சகாக்கள் முன்னிலையில் தயங்கியேனும் பேசியாக வேண்டும். அந்தத் தயக்கத்தை நேரில் அனுபவித்தவருக்கே மாணவரின் மௌனம் புரியும் என்பதால், புதிய ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்கூடம் அமைந்திருக்க முடியாது. நூலகர்கள் முறைவைத்து வகுப்பு நடத்தவும் ஆசிரியர்கள் முறைவைத்து நூலகத்தில் பணியாற்றவும் அக்கல்லூரி வழிசெய்தது.

ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் ஹில் 1976இல் தொடங்கிய திட்டம் இன்னும் துணிவானது. வேறொரு துறையின் பேராசிரியர், தம் வழக்கமான கற்பித்தல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, ‘தலைமை மாணவர்’ என்ற பொறுப்பில் மாணவர்களோடு வகுப்பில் அமர்ந்து, அவர்களைப் போலவே படித்துக் கட்டுரை எழுதியதுடன், பாடங்களை இணைக்கும் கருத்தரங்கையும் நடத்தினார். விரிவுரை எங்கே விளங்காமல் போகிறது என்பதைப் பாடம் நடத்தியவர்கள் அவர் வாயிலாகவே அறிந்தனர்.

எவர்கிரீனில் 1985இல் நிறுவப்பட்ட வாஷிங்டன் மையம் இவ்வனுபவத்தை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் எவர்கிரீன் குழுக்களில் சில காலம் உடன் கற்பித்துவிட்டுத் தம் கல்லூரிக்குத் திரும்பும் ஆசிரியர் பரிமாற்றம் அதன் முக்கியமான வழிமுறைகளுள் ஒன்றாக அமைந்தது. புதியவர்களை உருவாக்குவதில் ஓரிரு நாள் பயிற்சி முகாம்களைவிட அதுவே உறுதியான வழி.