பாரிட் சூலோங் பாலத்தில் பாட்டி

சாஆவில் பிறந்து வளர்ந்தவன் நான். உலகப்போர் எங்கள் ஊர்ப் பக்கமாகப் போனது யூனிவர்சிட்டிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. போன விடுமுறையில் அப்பா, அம்மா, தங்கை, பாட்டி எல்லாரையும் காரில் ஏற்றினேன். வழிகாட்டி நான்தான்.

யோங் பெங் தாண்டியதும் புக்கிட் பெலாண்டோக் மலையைக் காட்டினேன். மூவாரில் தோற்றுப் பின்வாங்கிய படைக்கு இந்தப் பக்கமிருந்துதான் உதவி போக வேண்டும். மலையை ஜப்பானியர் பிடித்துவிட்டதால் போகவில்லை. பாரிட் சூலோங் பாலமும் அவர்கள் கையில். 1942 ஜனவரி 22 காலையில் தளபதி ஆண்டர்சன், நடக்க முடிந்தவர்களைக் காட்டு வழியாகத் தப்பச் சொன்னார். காயம்பட்ட 110 ஆஸ்திரேலியரும் 40 இந்தியரும் அங்கேயே கிடந்தார்கள். ஒரு சிலர் தவிர மற்றவர்களை ஜப்பானியர் கொன்று, எரித்தார்கள். அதற்காக ஜெனரல் நிஷிமுராவை 1951இல் தூக்கிலிட்டார்கள்.

"இந்தியருன்னா நம்ம ஆளுங்களாடா?" என்றார் அம்மா.

இல்லை. 45ஆவது இந்தியப் படைப்பிரிவில் இருந்தவர்கள் ராஜ்புத்தானா, ஜாட், கட்வால் படையினர். மத்தியக் கிழக்குக்கென்று தயார் செய்து, கடைசியில் மலாயாவில் கொண்டுவந்து இறக்கிய பையன்கள்.

அதுவரை பேசாமல் இருந்த பாட்டி, "சண்டை ஒரு வாரத்துல முடிஞ்சிருச்சுங்கிற. எங்கப்பா அதுக்கப்புறந்தானே போனாரு?" என்றார்.

எங்கே என்று கேட்கத் தேவையில்லை. சயாமுக்கு.

பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. மூன்று மாத வேலை என்று லாரியில் ஏற்றினார்களாம். 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காக மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000 பேருக்கும் மேல். பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பேர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பலருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாது.

நான் போட்ட திட்டத்தில் பாலம் இருந்தது, மலை இருந்தது. தோட்டம் இல்லை. படைகள் மோதிய இடம்தான் போர்க்களம் என்று நானும் நினைத்திருக்கிறேன். சிப்பாய்களுக்குப் போர் முடிந்த பிறகுதான் லயத்துக்குள் நுழைந்திருக்கிறது.

திரும்பும்போது பாட்டி சொன்ன தோட்டத்துக்குக் காரை விட்டேன். லயம் இல்லை; செம்பனை மரங்கள்தான். பாட்டி இறங்கி, லாரி நின்ற இடத்தைக் கையால் காட்டினார். நான் போனில் பதிவு செய்துகொண்டேன். அவர் அப்பாவின் பேரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டு எழுதினேன்.