கூடையில் தொங்கிய ஞானி

நான் எழுதிய கதைகளில் ஒன்றை மட்டும் எந்தத் தொகுதியிலும் சேர்க்க நான் சம்மதித்ததில்லை. பதிப்பாளர் பல தடவை கேட்டுவிட்டார். "நல்ல தமாஷான கதை ஆயிற்றே, அதை ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்?" என்பது அவருடைய குறை. தமாஷாக இருப்பதுதான் அதன் குற்றம் என்று அவரிடம் சொன்னால் சிரிப்பார். வாசகர்களிடம் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்ச நேரம் பழைய ஏதென்ஸ் நகரத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

கி. மு. 423-ஆம் ஆண்டு, வசந்த காலம். அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் திறந்தவெளி அரங்கம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடியிருக்கிறார்கள். டயோனிஸஸ் என்ற தெய்வத்துக்குத் திருவிழா. திராட்சை மதுவுக்கும் நாடகத்துக்கும் அவரே அதிதேவதை. அங்கே நாடகம் வெறும் பொழுதுபோக்கு அல்ல; பூஜையின் ஓர் அங்கம். முதலில் பலி, ஊர்வலம் எல்லாம் நடக்கும். நாடகம் பார்ப்பதற்குச் சுவாமியின் விக்கிரகமே எழுந்தருளும். முன் வரிசையில் நடுநாயகமான ஆசனம் அவருடைய பூசாரிக்கு. இத்தனை பக்தி சிரத்தையோடு ஆரம்பித்து, அப்புறம் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த வருஷத்து ஹாஸ்ய நாடகப் போட்டியில் அரிஸ்டோபனீஸ் என்ற இளம் நாடகாசிரியர் 'மேகங்கள்' என்ற நாடகத்தை அரங்கேற்றினார். கதை நமக்கும் பழக்கமான கதைதான். ஒரு கிழவர், கிராமத்து மனிதர், பெரிய இடத்தில் பெண் எடுத்துவிட்டார். பிள்ளைக்குக் குதிரைப் பைத்தியம். குதிரை வாங்கி வாங்கிக் கடன் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. கடன்காரர்களை வாய்ச் சாமர்த்தியத்தாலேயே விரட்ட ஏதாவது வித்தை உண்டா என்று கிழவர் தேடுகிறார். பக்கத்திலேயே ஒரு 'யோசனைக் கூடம்' இருக்கிறது. அங்கே போனால் அநியாயத்தை நியாயமாக்கிப் பேசக் கற்றுக் கொடுப்பார்களாம்.

போகிறார். ஒரு தெள்ளுப்பூச்சி தன் காலளவுக்கு எத்தனை மடங்கு தூரம் தாவுகிறது என்று அங்கே அளந்து கொண்டிருக்கிறார்கள். கொசு பாடுவது வாயாலா, பின்புறத்தாலா என்பது இன்னோர் ஆராய்ச்சி. அந்தரத்தில் ஒரு கூடை தொங்குகிறது. அதற்குள் உட்கார்ந்து சூரியனைப் பற்றிச் சிந்தித்துக் கொண்டிருப்பவர்தான் அந்தக் கூடத்தின் குரு. அவர் பெயர் சாக்ரடீஸ்.

நாடகத்தின் முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது. தேவாதி தேவனான ஜீயஸ் என்று ஒருவர் கிடையவே கிடையாது என்கிறார் கூடைக்குரு. "அப்படியானால் மழை பெய்விப்பது யார்?" என்று கிழவர் கேட்கிறார். மேகங்கள்தான், மேகமில்லாத வானத்திலிருந்து மழை பெய்து பார்த்திருக்கிறாயா என்று பதில் வருகிறது. பொய்ச் சத்தியம் செய்கிறவர்களின் தலையில் ஜீயஸ் இடியைப் போடுகிறாரே என்றால், ஊரறிந்த பொய்யர்கள் சௌக்கியமாகத்தானே நடமாடுகிறார்கள். இடி விழுவது அவருடைய சொந்தக் கோவிலின் மேலும், ஒரு பாவமும் அறியாத கருவாலி மரத்தின் மேலும் அல்லவா என்கிறார் குரு. ஜீயஸைத் துரத்திவிட்டு இப்போது ஆட்சி செய்வது 'சுழற்சி'யாம். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பானை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. ஆகவே வாசலில் இருக்கும் மண்பானையையே கிழவர் தெய்வமாக எண்ணிவிடுகிறார்.

முடிவு? பிள்ளை அந்தக் கூடத்தில் படித்துவிட்டு வந்து தகப்பனை அடிக்கிறான். அடிப்பது நியாயம் என்று வாதமும் செய்கிறான். கிழவருக்குப் புத்தி வருகிறது. தெய்வங்களை அவமதித்த அந்தக் கூடத்துக்கே தீ வைத்து விடுகிறார். உள்ளே இருந்தவர்கள் அலறுகிறார்கள். திரை விழுகிறது என்று சொல்லியிருப்பேன். அந்தக் காலத்து அரங்கத்தில் திரை கிடையாது.

நாடகத்துக்குப் பரிசு கிடைத்ததா என்றால் இல்லை. மூன்று நாடகங்களில் மூன்றாவது இடம். ஆசிரியருக்கு மகா கோபம். பிறகு அதைத் திருத்தி எழுதி, ரசனையில்லாத ஜனங்களைத் திட்டி ஒரு பகுதியும் சேர்த்தார். இன்று நம் கைக்குக் கிடைப்பது அந்தத் திருத்திய பிரதிதான்.

உண்மையான சாக்ரடீஸ் கூடம் எதுவும் நடத்தவில்லை. யாரிடமும் கட்டணம் வாங்கவில்லை. சந்தைத் தெருவில் வெறுங்காலோடு நடந்து, எதிர்ப்பட்டவரிடம் "வீரம் என்றால் என்ன? பக்தி என்றால் என்ன?" என்று கேட்டுக் கேட்டு அவர்களைத் திணற அடிப்பதுதான் அவர் தொழில். சூரியன் ஒரு நெருப்புக் கல் என்று சொன்னவர் அனக்ஸகோரஸ் என்ற வேறோர் அறிஞர். பேச்சு வித்தையைக் காசுக்கு விற்றவர்கள் வேறு சிலர். எல்லாரையும் ஒரே பொம்மைக்குள் திணித்து அதற்குச் சாக்ரடீஸ் என்று பெயர் வைத்தார் அரிஸ்டோபனீஸ். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். சப்பை மூக்கு, பிதுங்கிய கண். அந்த முகத்தைத் தெரியாதவர் ஊரிலேயே இல்லை. ஹாஸ்யம் எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? எங்கள் தொழிலின் சபலங்களில் இது ஒன்று.

நாடகம் நடந்தபோது சாக்ரடீஸே சபையில் இருந்ததாகவும், "யார் இந்தச் சாக்ரடீஸ்?" என்று வெளியூர்க்காரர்கள் முணுமுணுத்தபோது எல்லாரும் பார்க்கட்டும் என்று பேசாமல் எழுந்து நின்றதாகவும் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஏலியன் என்ற ஆசிரியர் ஒரு கதை சொல்கிறார். நடந்ததோ இல்லையோ, மனிதருடைய சுபாவத்துக்குப் பொருத்தமான கதை.

இதையெல்லாம் படிக்கும்போது, அரிஸ்டோபனீஸ் பழுத்த ஆஸ்திகர்; தெய்வங்களை யாராவது குறைவாகப் பேசினால் பொறுக்க மாட்டார் என்று தோன்றுகிறதல்லவா? அதுதான் இல்லை! கி. மு. 414-இல் அவர் எழுதிய 'பறவைகள்' நாடகத்தில் பறவைகள் வானத்தில் ஒரு நகரம் கட்டி, பூமியிலிருந்து மேலே போகும் யாகப் புகையை மறித்துவிடுகின்றன. தேவர்கள் பட்டினி கிடந்து சமாதானத் தூது அனுப்புகிறார்கள். கி. மு. 405-இல் அரங்கேறிய 'தவளைகள்' இதற்கும் ஒரு படி மேலே. அதில் கோமாளியாக வருபவர் டயோனிஸஸே. பாதாள லோகத்துக்குப் போகும் வழியில் பயத்தினால் உடையைக் கெடுத்துக் கொள்கிறார். முன் வரிசையில் இருக்கும் தம் பூசாரியைப் பார்த்து, காப்பாற்றும்படி கெஞ்சுகிறார். சுவாமியின் திருவிழாவில், சுவாமியின் பூசாரிக்கு எதிரில், சுவாமிக்கே இந்தப் பாடு. நாடகத்துக்கு முதல் பரிசு!

தெய்வ நிந்தனை என்று யாரும் அரிஸ்டோபனீஸின் மேல் வழக்குப் போட்டதாகத் தகவல் இல்லை. அவர்மேல் பாய்ந்தவர் கிளியோன் என்ற அரசியல்வாதி. வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் நகரத்தை இழிவுபடுத்திவிட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தெய்வங்களுக்கு வராத கோபம் தலைவர்களுக்கு வந்தது.

நிந்தாஸ்துதி என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது விளங்காத விஷயம் அல்ல. வீட்டு மனிதரைத்தான் கேலி செய்ய முடியும். டயோனிஸஸைப் பார்த்துச் சிரித்தவன் காலையில் அவருக்குப் பலி கொடுத்தவன். நாளையும் கொடுக்கப் போகிறவன். அவன் சிரிப்பில் கோவிலின் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

ஆனால் கிழவரின் கேள்வி வேறு விதமானது. இடி ஏன் பொய்யன் தலையில் விழவில்லை? இது கூடையில் தொங்கியவரின் கேள்வி மட்டும்தானா? அப்போது ஸ்பார்ட்டாவோடு யுத்தம் தொடங்கி எட்டு வருஷம் ஆகிவிட்டது. கி. மு. 430-இல் வந்த கொள்ளை நோயில், கும்பிட்டவர்களும் கும்பிடாதவர்களும் ஒரே மாதிரி செத்ததைப் பார்த்தவர்கள் அந்த ஜனங்கள். சபையில் இருந்தவர்களில் பலருக்கு அந்தச் சந்தேகம் ராத்திரியில் வந்து போயிருக்கும். நாடகாசிரியர் செய்த தந்திரம் இதுதான்: எல்லாருடைய நெஞ்சிலும் இருந்த சந்தேகத்தைப் பேசவும் வைத்தார், பேசிய பாவத்தை ஒரு மனிதர் கணக்கில் எழுதியும் விட்டார். ஜனங்கள் சந்தேகத்தையும் ருசி பார்த்தார்கள். பிறகு அதற்குத் தீ வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

உண்மையான நாஸ்திகன் என்று பெயர் வாங்கியவர் ஒருவரும் அந்தக் காலத்தில் உண்டு. மேலோஸ் தீவைச் சேர்ந்த டயாகோரஸ். அவரும் ஹாஸ்யக்காரர்தான் என்பது வேடிக்கை. கடலில் புயலிலிருந்து தப்பியவர்கள் கோவிலில் மாட்டியிருந்த காணிக்கைப் படங்களை ஒரு நண்பர் அவருக்குக் காட்டி, தெய்வ சகாயத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றாராம். மூழ்கிப் போனவர்களின் படங்களை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டாராம் டயாகோரஸ். ரோமாபுரியின் சிஸரோ இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் தலைக்கு ஏதென்ஸ் நகரம் விலை வைத்தது. கொல்பவனுக்கு ஒரு டாலெண்ட் வெள்ளி. 'மேகங்கள்' நாடகத்தில் ஓரிடத்தில் சாக்ரடீஸை 'மேலோஸ்காரர்' என்று குறிப்பிடுகிறார்கள். ஒரே ஒரு சொல். நாஸ்திகப் பட்டம் சூட்டுவதற்கு அதுவே போதும்.

வருஷங்கள் ஓடின. சிஸிலிப் படையெடுப்பில் ஏதென்ஸின் சேனை அழிந்தது. கி. மு. 404-இல் நகரம் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. முப்பது பேரின் கொடுங்கோல் வந்தது, போயிற்று. அந்த முப்பதில் கொடியவனான கிரிட்டியாஸும், நகரத்துக்குத் துரோகம் செய்த அல்ஸிபியாடிஸும் ஒரு காலத்தில் சாக்ரடீஸோடு சுற்றியவர்கள். ஜனங்களுக்கு யார்மேலாவது கோபத்தைக் காட்ட வேண்டியிருந்தது. கி. மு. 399-இல், எழுபது வயதுக் கிழவரான சாக்ரடீஸின் மேல் வழக்கு வந்தது. நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைப் புகுத்துகிறார், வாலிபர்களைக் கெடுக்கிறார் என்பவை குற்றங்கள்.

சுமார் ஐந்நூறு பேர் நீதிபதிகள். அவர்கள் முன்னால் சாக்ரடீஸ் பேசியதாகப் பிளேட்டோ எழுதியிருப்பதில் ஓர் இடம் என்னை எப்போதும் உலுக்குவது. இப்போது என்மேல் வழக்குப் போட்டவர்களைவிட, பழைய நாளிலிருந்தே என்மேல் குற்றம் சாட்டி வந்தவர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன் என்கிறார். நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதே அவர்கள் உங்கள் காதில் ஓதிவிட்டார்கள். அவர்களைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. நிழலோடு சண்டை போடுவதைப் போல இருக்கிறது என்கிறார். அவர்களில் பெயர் சொல்லக் கூடியவர் ஒரு ஹாஸ்ய நாடகாசிரியர்தான் என்று அரிஸ்டோபனீஸைக் குறிப்பிட்டு, ஆகாயத்தில் ஊசலாடும் அந்தச் சாக்ரடீஸை நினைவூட்டுகிறார்.

வாதியான மெலிட்டஸை அவர் கேட்கிறார்: நான் வேறு தெய்வங்களை நம்புகிறேன் என்கிறாயா, அல்லது தெய்வமே இல்லை என்பவன் என்கிறாயா? தெய்வமே இல்லை என்பவர்தான். சூரியனைக் கல் என்றும் சந்திரனை மண் என்றும் சொல்பவர் என்கிறான் அவன். நீ அனக்ஸகோரஸின் மேல் அல்லவா வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்று திருப்புகிறார் சாக்ரடீஸ். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் சிரிப்பதற்காகச் செய்த பொம்மைதான் இப்போது கூண்டில் நின்றது. உண்மை மனிதர் அதன் பின்னால் மறைந்து போனார்.

நாடகம்தான் அவரைக் கொன்றது என்று சொன்னால் அது மிகை. தோற்றுப் போன நகரத்தின் ஆத்திரம் பெரிது. ஆனால் முப்பது வோட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று சாக்ரடீஸே சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். முப்பது பேர்! அந்த முப்பது பேருக்குக் கூடை ஞாபகத்தில் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

விஷம் காலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, ஆஸ்கிளிபியஸ் என்ற வைத்தியத் தெய்வத்துக்குத் தாம் ஒரு சேவல் கடன்பட்டிருப்பதாகவும், அதை மறக்காமல் செலுத்தும்படியும் தம் நண்பர் கிரிட்டோவிடம் சொன்னார். நாஸ்திகர் என்று கொல்லப்பட்டவரின் கடைசிக் கவலை ஒரு பிரார்த்தனைக் கடன்.

இன்னொரு காட்சியையும் பிளேட்டோ விட்டுச் சென்றிருக்கிறார். அகத்தன் என்ற நாடகக் கவியின் வீட்டு விருந்து. சாக்ரடீஸும் அரிஸ்டோபனீஸும் விரோதமே இல்லாமல் உட்கார்ந்து மது அருந்துகிறார்கள். விடியும் சமயத்தில், ஹாஸ்ய நாடகம் எழுதத் தெரிந்தவனே சோக நாடகமும் எழுத வல்லவன் என்று சாக்ரடீஸ் வாதித்துக் கொண்டிருக்கிறார். அதைக் கேட்டபடியே முதலில் தூங்கிப் போனவர் அரிஸ்டோபனீஸ். தாம் முன்பே அந்த இரண்டையும் ஒரே கதையில் எழுதத் தொடங்கிவிட்டது அவருக்குத் தெரியாது.

எனக்கும் அப்படித்தான் தெரியாமல் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். சூரிய கிரகணத்தன்று எல்லார் வீட்டிலும் பானை கவிழ்த்து வைத்திருக்கும்போது, அவர் தெருவில் நின்று புகை பிடித்த கண்ணாடியில் பையன்களுக்குக் கிரகணம் காட்டுவார். காட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முறுக்குத் தின்பார். அவரை வைத்து ஒரு கதை எழுதினேன். கண்ணைச் சுற்றிக் கரி அப்பிக்கொண்டு, "சாமியாவது பூதமாவது!" என்று ஊரெல்லாம் முழங்கிவிட்டு, ராத்திரி புளியமரத்தைக் கண்டு பதறி "முருகா!" என்று அலறுகிற 'கிரகண வாத்தியார்'. கதை பிரமாதமாக எடுபட்டது. அவரும் சிரித்தார், பத்திரிகையில் இரண்டு பிரதி வாங்கினார்.

நாலு வருஷம் கழித்து அவர் பெண்ணுக்குப் பார்த்த வரன் தட்டிப் போயிற்று. "கிரகண வாத்தியார் வீடுதானே? சாமி இல்லை என்கிறவராமே!" என்றார்களாம் பிள்ளை வீட்டார். என் கதையில் வந்த அந்த வசனத்தை அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு தடவையும் பேசியதில்லை.

கேள்விப்பட்டு மறுநாள் விடியற்காலையில் அவர் வீட்டுக்கு ஓடினேன். உள்ளே விளக்கு எரிந்தது. கந்தரனுபூதி பாராயணம் செய்யும் குரல் கேட்டது. "யாரு, நீயாப்பா? உட்காரு, முடிச்சுட்டு வரேன்" என்றார். திண்ணையில் உட்கார்ந்தேன். முறுக்குத் தின்ற அதே திண்ணை.

அவர் வந்ததும் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தடுமாறினேன். அவரே பேசினார். "நீ எழுதினது தமாஷ்தானேப்பா. படிச்சவங்களுக்கும் அது தமாஷ்னு ஞாபகம் இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் பொறுத்து வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. கதையை நான் தொகுதியில் சேர்ப்பதில்லை. ஆனால் ஊரில் இன்னும் சிலருக்கு அது மனப்பாடம்.