ஒரு காசு தேர்தல்: பொற்கிழி மரபும் பாண்டியர் நாணயங்களும்

பெரும்பொருள் உடையார் ஒருவர், அப்பொருள் கொண்டு அரிய பழங்காசு ஒன்றே ஒன்றனை வாங்கித் தம் ஊர்ப்பக்கத்திற்கு அளிக்க விரும்பின், எக்காசினைத் தேர்தல் தகும்? இவ்வினா காசு திரட்டுவாரிடையே பொழுதுபோக்காக எழுவது. ஆயினும், ஒரு காசினை நாம் எதற்காக அரியது என்கின்றோம் என்பதனை அளந்தறிய இதனினும் நல்ல உரைகல் கிடைத்தல் அரிது. விலை ஒரு வகையான அருமை. எண்ணிக்கைக் குறைவு மற்றொரு வகை. வரலாற்றுக்கு அது சொல்லும் சான்று பிறிதொரு வகை. இம்மூன்றும் ஒரு காசிற் கூடுதல் உண்டு, பெரும்பாலும் கூடுவதில்லை.

வினாவினை இடமின்றி ஆராய்தல் பயன் தாராது. ஆதலின், திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அடுத்தடுத்து அமைந்த நிலப்பகுதியினை எல்லையாகக் கொள்வோம். முன்னது ஆழ்வார் இருவர் தோன்றிய பழம்பதி. பின்னது நெசவாலும் பஞ்சாலையாலும் வளம் பெற்ற ஊர். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசாமிராசா தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கியதும் இவ்விராசபாளையத்திலேயே ஆகும். எனவே, பொதுநலங்கருதிக் காசு வாங்கி அளிக்கும் செல்வர் ஒருவரை இவ்வூரில் கற்பித்துக்கொள்ளுதல் மிகையன்று. மேற்குத் தொடர்மலையின் அடியொட்டி மதுரையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் பெருவழியில் இவ்விரு ஊர்களும் உள்ளன. 1910 வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆகவே, லோவெந்தால் 1888-இல் வெளியிட்ட திருநெல்வேலி நாணயங்கள் பற்றிய நூலும் திருமங்கலத்தில் இருந்த திரேசிப் பாதிரியார் பாண்டியர் காசு பற்றி எழுதிய கட்டுரைகளும் இப்பகுதியின் நாணய ஆராய்ச்சிக்குத் தொடக்க நூல்களாம்.

திருவில்லிபுத்தூர் என்றவுடன் நினைவிற்கு வருவது பெரியாழ்வார் பெற்ற பொற்கிழி. வல்லபதேவன் என்னும் பாண்டியன், பரம்பொருள் இன்னதெனத் தெளிவிப்பார்க்கு உரியதெனப் பொன் முடிப்பு ஒன்றனை மதுரையில் தூக்கிவைத்தான் என்றும், செல்வநம்பி என்பார் வாயிலாக அவையேறிய விட்டுசித்தர் பொருள் விரித்தபோது கிழி தானே தாழ்ந்தது என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். அக்கிழியிலிருந்த காசு ஒன்று கிடைக்குமாயின் அதனினும் இவ்வூர்க்கு ஏற்றது வேறு யாது? ஈண்டுத்தான் செல்வர் வழுக்கி விழுவதற்கு இடம் உளது. ஒரு காசினை இம்மரபோடு இணைத்து விற்பார்க்கு அதன் விலை பன்மடங்காகும். ஆதலின் இதனைச் சிறிது விரிவாகவே நோக்குதல் வேண்டும்.

பாண்டியருள் சீமாறன் சீவல்லபன் என்பான் கி.பி. 815 முதல் 862 வரை அரசாண்டான் என்பது வரலாற்றாசிரியர் பலர்க்கும் உடன்பாடு. இவனுக்கு அவனிபசேகரன் என்பது சிறப்புப்பெயர். சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனது கல்வெட்டு இப்பெயரைக் குறிக்கின்றது. இதற்கு இணையாக, 'அவனிபசேகரன் கோளகை' என்னும் பொறிப்புடைய பொற்காசு ஒன்றும் கிடைத்துள்ளது. கோளகை என்பது வட்டம் எனப் பொருள்படும். வெளியிட்ட அரசனது பெயரோடு காசின் பெயரையும் தன்மேலேயே எழுதிக்கொண்டிருத்தல் இக்காசின் தனிச்சிறப்பு. பழந்தமிழ்க் காசுகளிற் பலவற்றிற்கு அவை வழங்கிய காலத்தில் என்ன பெயர் என்பதே விளங்காது. கல்வெட்டுக்களில் ஈழக்காசு, பழங்காசு, மாடை, அச்சு எனப் பெயர்கள் நிரம்ப உள; கையிற் கிடைக்கும் வட்டுக்களில் எது எப்பெயர்க்கு உரியது என்பதனை ஒட்டிப்பார்த்தல் ஓயாத வழக்கு. கோளகையில் அவ்வழக்கிற்கு இடமில்லை.

வல்லபதேவன் இச்சீவல்லபனே என்பார் கூற்று மெய்யாயின், கோளகையே பொற்கிழிக் காசு என்று கூறிவிடலாம் போலத் தோன்றும். அங்ஙனம் கூறுதற்குத் தடைகள் உள. முதலாவது, வல்லபதேவன் என்னும் பெயர் குருபரம்பரையிற் காணப்படுவது. பெரியாழ்வார் தம் பாசுரத்தில் கூடற்கோனாகிய நெடுமாறனைக் குறிக்கின்றார். இதனையும், திருப்பாவையிற் கூறப்பட்ட வெள்ளி எழுச்சி, வியாழன் மறைவு ஆகிய வானிலைக் குறிப்பினையும் கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாள் காலத்தை 731-ஆம் ஆண்டோடு பொருத்தினார். அம்முடிபு ஏற்கப்படின் கோளகை பெரியாழ்வார்க்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிற்பட்டதாகிவிடும். அக்கோள்நிலை பிற ஆண்டுகளிலும் நிகழக்கூடியதாகலின் அதனை மட்டும் பற்றி ஆண்டு துணிதல் இயலாதென்பது எம் கருத்து. ஆயினும் நெடுமாறன் பெயரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இன்னொரு தடை மொழிபற்றியது. கிழி என்பது துணி முடிப்பு. பொற்கிழி என்றால் பொன் முடிந்த துணி என்பதன்றிக் காசு முடிந்த துணி என்பது அச்சொல்லிற் பெறப்படுவதன்று. அக்காலத்துக் கல்வெட்டுக்கள் பொன்னைக் கழஞ்சாலும் மஞ்சாடியாலும் நிறுத்தே பேசுகின்றன. 20 மஞ்சாடி கொண்டது ஒரு கழஞ்சு. கிழியிலிருந்தது முத்திரை குத்தாத பொன்னாகவும் இருந்திருக்கலாம். ஆகவே, 'பெரியாழ்வார் பெற்ற காசு' என்று கூறி எவரேனும் ஒன்றனை விற்க முன்வரின், அக்கூற்றிற்காக ஒரு பணமும் மிகுதியாகக் கொடுத்தல் ஆகாது.

மரபினைக் கழித்தபின்னும் கோளகை வறியதாகவில்லை. சின்னமனூர்ப் பெரிய செப்பேடு சீவல்லபன் குண்ணூர், சிங்களம், விழிஞம் ஆகிய இடங்களில் வென்றதனையும் குடமூக்கிற் பகைவர் கூட்டத்தை முறித்ததனையும் கூறி அமையும். இலங்கை நூலாகிய மகாவமிசத்தின் பிற்பகுதியோ, முதலாம் சேனன் காலத்தில் பாண்டியன் அந்நாட்டுட் புகுந்து பொற்படிமம் முதலிய செல்வங்களைக் கவர்ந்து சென்றான் என்றும், இரண்டாம் சேனன் படையனுப்பி மதுரையைக் கைப்பற்றி அவற்றை மீட்டான் என்றும் கூறுகின்றது. வென்றதனைச் செப்பேடு சொல்லுகின்றது. தோற்றதனை அயல்நாட்டு நூல் சொல்லுகின்றது. பொன் இருமுறை கடல் கடந்த இக்காலத்துப் பாண்டியன் தன் பெயரால் பொற்காசு அடித்தான் என்பது, இவ்விரண்டனையும் ஒருங்குவைத்து எண்ணுவார்க்கு எத்துணைப் பயன்படும் என்பது சொல்லாமலே விளங்கும். காசிலுள்ள பொன்னின் மாற்று அளந்தறியப்படின் இன்னும் பல தெளிவாகலாம். இக்காலத்தில் காசினைச் சிதைக்காமலே கதிர்கொண்டு மாற்றுக் காணும் வழி உளது.

உரோமர் பொற்காசினைப் பற்றி நீள உரைக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் இந்தியா, சீனம், அரேபியா ஆகிய நாடுகளுக்கு உரோமிலிருந்து 10 கோடி செசுடர்சு செல்கின்றதெனப் பிளினி வருந்தியதும், புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் 501 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்ததும் யாவரும் அறிந்தன. அகசுத்தசு காலத்தில் ஏறத்தாழ 7.9 கிராம் நிறையிருந்த உரோமப் பொற்காசு, நீரோ 64-இல் குறைத்தபின் 7.3 கிராம் அளவினதாயிற்று. இக்காசுகள் உலகச் சந்தையில் மிகப் பல. அழகிய ஒன்றனுக்குப் பெரும்பொருள் கொடுத்தல் உரோம வரலாற்றிற்குக் கொடுப்பதேயாகும். புதுக்கோட்டைக் காசுகளிற் பெரும்பாலன பேரரசன் தலையின்மேல் உளியால் வெட்டப்பட்டவை. மீண்டும் காசாக வழங்காதிருத்தற் பொருட்டு அவ்வாறு வெட்டினர் என்பர். வெட்டுப்பட்டதனைச் சந்தை இழிவாக மதிக்கும். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு அவ்வெட்டே சான்று.

இனி, பெருவழுதிக் காசு. சங்ககால வேந்தர் தம் பெயர் பொறித்த காசு வெளியிட்டனரா என்பது நெடுங்காலம் ஐயமாகவே இருந்தது. 1980-களில் இரா. கிருட்டிணமூர்த்தி வெளிப்படுத்திய சதுரச் செப்புக்காசு அவ்வையத்தை அகற்றிற்று. ஒருபுறம் குதிரையுருவும் தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்னும் பெயரும், மறுபுறம் கோட்டுருவ மீனும் அதில் உள. பின்னர்ச் சேரர்க்குரிய மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிப்பொறை ஆகிய பெயர்களும் காசுகளிற் படிக்கப்பெற்றன. பாட்டும் தொகையும் அறிந்த நாம் இக்காசினைக் காணும்போது அடையும் மகிழ்ச்சி பெரிது. அம்மகிழ்ச்சியை வரலாற்று முடிபாக மயங்குதல் கூடாது. முதுகுடுமிப் பெருவழுதி, உக்கிரப் பெருவழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி எனப் பெருவழுதியர் பலர். காசு எவனையும் சுட்டி நிற்கவில்லை. மண்ணடுக்கு ஒன்றிலிருந்து முறையாக எடுக்கப்பட்டிருப்பின் உடன்கிடந்த பானையோடும் கரியும் காலம் காட்டியிருக்கும். வணிகர் கைவழி வரும் காசுகட்கு அத்துணை இல்லை. விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வினை நோக்குவார்க்கு இவ்வேறுபாடு நன்கு புலனாகும். அங்குக் கிடைத்த சிறு மணிக்கும் குழி எண்ணும் ஆழமும் உண்டு.

பெருவழுதியினை மேன்மேலும் தேடுதல் வேண்டும். ஆனால் பெருஞ்செல்வத்தை அதன்மேற் கொட்டுதல் நன்றன்று என்பது எம் துணிபு. காரணம் கொடியது. செப்புக்காசுக்குப் பேரளவான விலை கிடைக்கும் என்ற செய்தி பரவின், ஆற்றுமணலையும் பழைய மேடுகளையும் கிளறுவார் தொகை பெருகும். கிளறப்பட்ட மேட்டில் பின்னர் அகழ்வார்க்கு எஞ்சுவது குழப்பமே. ஒரு காசுக்குக் கொடுத்த பணம் ஓர் ஊரிருக்கையை அழித்துவிடக்கூடும். பொய்க்காசு வார்ப்பாரும் பெருகுவர்.

பொற்காசின் நிலை வேறு. அதற்கு வாய்க்கும் கேடு உருக்குதல். உத்தமசோழன் பெயர் பொறித்த பொற்காசு ஒன்றனை வால்ட்டர் எலியட்டு 1886-இல் வெளிவந்த தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூலில் வரைந்து காட்டினார். அக்காசு பின்னர்க் காணாமற் போயிற்று. இன்று அதன்பொருட்டு அறிஞர் நோக்குவது அவ்வரைபடத்தையே. செம்பை உருக்குவார்க்கு ஊதியமில்லை. பொன்னையோ எப்பொற்கொல்லனும் நிறைக்கு வாங்குவான். ஆகவே, பெரும்பொருள் ஒன்றே காக்கக்கூடியதும், பொருளின்றேல் அழியக்கூடியதுமாகிய காசு பொற்காசே. இக்காரணம்பற்றியே, எழுத்துடையதும் அரசன் இன்னானெனத் துணியத்தக்கதும் தன் பெயரைத் தானே கூறுவதுமாகிய கோளகையை யாம் தேர்கின்றோம். முகலாய மன்னன் சகாங்கீர் 1613-இல் ஆக்கிராவில் அடித்ததும் ஏறத்தாழ 12 கிலோ நிறையுள்ளதுமாகிய 1000 மொகர்க் காசு, 1987-இல் செனீவா ஏலத்திற்கு வந்தபோது உலகமே வியந்தது. வியப்பிற்கு நிறை வேண்டும். வரலாற்றிற்கு ஒரு பெயர் போதும்.

வாங்குதற்கு வேண்டிய தகுதிகள் சில உள. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி மண்ணிற் கிடைத்த புதையல், மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்படின், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமோ, 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசினைத் தொல்பொருளெனக் கொண்டு, உரிமம் பெறாதார் அதனை வாணிகம் செய்தலையும் தனியார் அதனை நாட்டின் வெளியே விடுத்தலையும் தடுக்கின்றது. விற்பார் தம் காசு எவரெவர் கைமாறி வந்தது என்பதனை எழுத்தாற் காட்டுதல் வேண்டும், வாயுரை போதாது. புரூட்டசு அடித்த பொற்காசு ஒன்று 2020-இல் இலண்டனில் 32 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. முன்னுடையார் வரலாறு பொய்யெனக் கண்டறியப்பட்டு, 2023-இல் அது கிரேக்க நாட்டிற்குத் திருப்பியளிக்கப்பட்டது. அத்துணைப் பெருவிலையும் ஒரு பொய்த்தாளின்மேல் நின்றது. கோளகையாயினும் ஆவணமில்லாதது வந்தால் அதனை விடுத்து, நல்லது வருமளவும் பணத்தை வட்டிக்கு வைத்துக் காத்திருத்தலே தக்கது.

வாங்கிய காசு செல்வர் இல்லத்துப் பெட்டகத்தில் உறங்குதல் கூடாது. விருதுநகர் அரசு அருங்காட்சியகத்திற்கு அதனை ஒப்படைத்து, ஆண்டில் ஒருமுறை திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் காட்டுவிக்கலாம். எஞ்சிய பணத்தில் சிறுபகுதி கொண்டு, 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' என்னும் பொறிப்புடைய பிற்காலப் பாண்டியர் செப்புக்காசுகள் இப்பகுதி இல்லங்களில் உள்ளனவற்றை விலைகொடாமலே நிறுத்து, அளந்து, படமெடுத்துப் பட்டியலாக்குதல் இயலும். செல்வர் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதுவதற்கு எமக்குத் தடையில்லை. கோளகையின் அருகே வைக்கும் அட்டையில் மட்டும், 'அவனிபசேகரன் கோளகை, பொன், சீமாறன் சீவல்லபன், கி.பி. 815–862' என்பதும், நிறையும் மாற்றும், முன்னுடையார் நிரலும் எழுதப்படல் வேண்டும். பொற்கிழி பற்றி அதில் ஒரு சொல்லும் வேண்டா. திருவிழாவிற்கு வருவோர் அதனைத் தாமே சொல்லிக்கொள்வர்.