விதி மீறாத வஞ்சனை

விளையாட்டு வீண்பொழுது என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. ஆயினும் சட்டத்திற்கும் நீதிக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சில வேளைகளில் நீதிமன்றத்தை விட விளையாட்டுத் திடலே தெளிவாகக் காட்டிவிடுகிறது. 1982-ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் அல்ஜீரியாவுக்கு நேர்ந்தது அத்தகைய ஒரு நிகழ்ச்சியாகும்.

அல்ஜீரியாவின் கால்பந்து வரலாறு அதன் விடுதலை வரலாற்றோடு பிணைந்தது. 1958 ஏப்ரலில், பிரெஞ்சுச் சங்கங்களில் தொழில்முறையாக ஆடிவந்த ரஷீத் மக்லூஃபி, முஸ்தபா ஸிதூனி முதலிய அல்ஜீரிய வீரர்கள் பொருளையும் புகழையும் துறந்து இரகசியமாகப் பிரான்சை விட்டு வெளியேறி, தூனிஸ் நகரில் விடுதலை முன்னணியின் அணியாகத் திரண்டனர். பிஃபா என்னும் உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவ்வணியை அங்கீகரிக்க மறுத்தது. 1962-இல் நாடு விடுதலை பெற்றது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அல்ஜீரியா முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்தபோது, அதே மக்லூஃபி அணியின் பயிற்சியாளர்களுள் ஒருவராக உடன் வந்தார்.

முதல் ஆட்டம் ஜூன் 16 அன்று கிஹோன் நகரில் நடந்தது. எதிரணியான மேற்கு ஜெர்மனி அப்போதைய ஐரோப்பிய வாகையர். வெற்றி தமக்கே என்று அவர்கள் இறுமாந்திருந்தனர். ஆனால் மாஜர், பெல்லூமி ஆகிய இருவரும் அடித்த கோல்களால் அல்ஜீரியா 2-1 என வென்றது. உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க நாடு ஐரோப்பிய நாட்டை வென்றது அதுவே முதன்முறை. பின்னர் அல்ஜீரியா ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்று, ஜூன் 24-இல் சிலியை 3-2 என வென்றது.

அக்காலத்தில் ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். புள்ளிகள் சமமானால், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்படும். நான்கு அணிகள் கொண்ட பிரிவிலிருந்து இரண்டே அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லும். அல்ஜீரியா தன் மூன்று ஆட்டங்களையும் முடித்துவிட்டது. மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மறுநாள் மோதவிருந்தன. எந்த முடிவு தமக்கு ஆதாயம் என்பதை அவ்விரு அணிகளும் முன்னரே கணக்கிட்டு அறிய முடிந்தது. மேற்கு ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரண்டுமே முன்னேறும், அல்ஜீரியா வெளியேறும்.

ஜூன் 25 அன்று, அதே கிஹோன் திடலில், ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் ஒரு கோல் அடித்தார். அதன்பின் சிறிது நேரத்திலேயே ஆட்டம் சோர்ந்து, இரு அணியினரும் தத்தம் எல்லைக்குள்ளேயே பந்தை முன்னும் பின்னும் உருட்டிக் காலத்தைக் கழித்தனர். அரங்கிலிருந்த அல்ஜீரியர்கள் பணநோட்டுகளை உயர்த்திக் காட்டித் தம் சினத்தை வெளியிட்டனர். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளரே, பெட்டிகளை அணைத்துவிடுமாறு தம் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆட்டம் 1-0 என முடிந்தது.

அல்ஜீரியா முறையிட்டது. விதி எதுவும் மீறப்படவில்லை என்று கூறிப் பிஃபா அம்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அது எழுத்தளவில் உண்மையே. இன்ன வேகத்தில் ஆடவேண்டும் என்று எந்த விதியும் கட்டளையிடவில்லை. முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டார்கள் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும்: சிலிக்கு எதிராக 3-0 என முன்னணியில் இருந்த அல்ஜீரியா, பிற்பாதியில் இரண்டு கோல்களை வாங்காதிருந்தால், கிஹோனின் 1-0 அதனை வெளியேற்றியிருக்க முடியாது. எனினும் அல்ஜீரியாவின் அந்தச் சோர்வு மற்றவர் செயலை நியாயமாக்கிவிடாது.

கடற்கரை ஊர்வாசிகள் சிலரின் வரலாற்றைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. சனிக்கிழமை மீன்பிடிக்கலாகாது எனத் தடுக்கப்பட்டிருந்த அவர்கள், வெள்ளியன்றே வலைகளை அமைத்து, ஞாயிறன்று மீன்களை அள்ளிக்கொண்டார்கள் என விரிவுரையாளர்கள் விளக்குவர். தடுக்கப்பட்ட நாளில் அவர்கள் கை வலையைத் தொடவில்லை. ஆயினும் இறைவனின் சினத்திற்கு ஆளானார்கள். ஆண்டு நிறையும் தறுவாயில் பொருளை மனைவி பெயருக்கு மாற்றி ஜகாத்திலிருந்து நழுவுவோரும் அவ்வழியினரே. ஏட்டில் குற்றம் இராது, நிய்யத்தில் இருக்கும். கிஹோனில் கண்டதை வஞ்சனை என்று நாம் கூறுவது இதனாலேயே.

அல்ஜீரியாவின் முறையீடு முற்றிலும் வீண்போகவில்லை. 1986 உலகக் கோப்பை முதல், ஒரு பிரிவின் இறுதி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடத்தப்படலாயின. நீதி மறுக்கப்பட்ட ஒரு நாட்டின் குரலால், பின்வந்த எல்லா நாடுகளுக்கும் ஒரு காவல் கிடைத்தது. அல்ஜீரியாவோ இரண்டாம் சுற்றை எட்ட 2014 வரை, அதாவது 32 ஆண்டுகள் காத்திருந்தது. அவ்வாண்டு ரமலான் தொடக்கத்தில், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில், மீண்டும் ஜெர்மனியையே எதிர்கொண்டு, கூடுதல் நேரம் வரை போராடி 1-2 எனத் தோற்றது. அந்தத் தோல்வி ஆடித் தோற்ற தோல்வி. அதைக் குறித்து எவரும் முறையிடவில்லை.