வேல்ஸ் எழுப்புதல் (1904–1905)

பிரிட்டனின் வேல்ஸ் நாட்டுச் சபைகளில் மூண்ட ஆவிக்குரிய எழுப்புதல். பலருடைய ஊழியம் இதற்கு வழி திறந்தது. என்றாலும் மக்கள் மனத்தில் நிலைத்த பெயர் இவான் ராபர்ட்ஸ் (1878–1951). சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், பின்னர் கொல்லுவேலை பழகியவர். 1904 செப்டம்பரில் பிளைனானெர்க் என்னும் ஊரில் நடந்த கூட்டத்தில், தேவன் தம்மை வளைத்துக்கொள்ளும்படி கண்ணீரோடு மன்றாடித் தம்மை ஒப்புக்கொடுத்தார். அக்டோபர் 31 அன்று, சொந்த ஊரான லோகரின் மோரியா ஆலயத்தில், ஜெபக்கூட்டம் முடிந்தபின் தங்கிய இளைஞர் சிலரிடம் அவர் பேசினார். அங்கிருந்து தீ பரவியது.

அவர் கேட்டவை நான்கு: அறிந்த பாவங்களை அறிக்கையிடுதல், சந்தேகத்துக்குரிய பழக்கங்களை விடுதல், ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படிதல், கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடுதல். கூட்டங்களில் பிரசங்கத்தைவிடப் பாட்டும் ஜெபமும் சாட்சியுமே ஓங்கி நின்றன. பெண்களும் தயங்காமல் பேசினர்.

மனந்திரும்பியவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு. எண்ணிக்கையைவிட வாழ்க்கையில் வந்த மாற்றமே பெரிது. மதுக்கடைகளில் கூட்டம் குறைந்தது. பழைய கடன்கள் தீர்க்கப்பட்டன. வசைச்சொல்லுக்கே பழகிய சுரங்கக் குதிரைகள், தொழிலாளரின் புதிய பேச்சு புரியாமல் நின்றுவிட்டதாக அன்று பரவலாகச் சொல்லப்பட்டது.

ஓய்வற்ற ஊழியத்தால் ராபர்ட்ஸ் 1906-இல் உடலும் மனமும் சோர்ந்து ஒதுங்கினார். அதற்குள் இந்தியாவில், வேல்ஸ் மிஷனெரிகள் ஊழியம் செய்த காசி மலைச் சபைகளிலும், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் 1905-இல் எழுப்புதல் தொடங்கியிருந்தது.