கழுத்து முள்ளெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை

கழுத்து முள்ளெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சை என்பது பொதுவாகக் கழுத்தின் முன்புறம் வழியாகச் சென்று, நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும் இடைவட்டை (ஜவ்வை) அகற்றி, அதன் மேலும் கீழுமுள்ள முள்ளெலும்புகளை ஒன்றாக வளரச் செய்யும் முறை. வட்டு இருந்த இடத்தில் எலும்புத்துண்டோ கூண்டு வடிவச் செயற்கைப் பொருளோ பொருத்தப்படும். பெரும்பாலும் உலோகத் தகடும் திருகுகளும் சேர்க்கப்படும். 1950களில் அமெரிக்காவில் அறுவை மருத்துவர்கள் ஸ்மித்தும் ராபின்சனும் இணைந்தும், கிளவார்டு தனியாகவும் இதை உருவாக்கினர். ஏழு கழுத்தெலும்புகளில் 5, 6, 7ஆம் எலும்புகளின் இடைவெளிகளிலேயே பாதிப்பு மிகுதி.

சிகிச்சை குறித்து முடிவெடுக்கையில் அழுத்தம் எதன்மீது என்பதே முதன்மையானது. நரம்பு வேர் மட்டும் நசுங்கிக் கைவலி ஏற்பட்டால், பெரும்பாலோருக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி ஆகியவற்றால் சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும், ஆகவே காத்திருக்கலாம். தண்டுவடமே நசுங்கினால் நிலை வேறு. சட்டைப் பொத்தான் போட இயலாமை, நடைத் தள்ளாட்டம், சிறுநீர்க் கட்டுப்பாட்டுக் குறைவு ஆகியன அதன் அறிகுறிகள். அப்போது தாமதம் ஆபத்தானது: இழந்த செயல்திறன் முழுதும் மீளாமல் போகலாம். நோய் மேலும் முற்றாமல் தடுப்பதே அங்கு முதல் நோக்கம்; நோயாளிக்கு இதை முன்னரே தெளிவாகச் சொல்வது மருத்துவரின் கடமை.

அறுவை சிகிச்சைக்குப் பின் கைவலி பெரும்பாலும் விரைவில் தணியும். மரத்துப்போதல் மெல்லவே குறையும். விழுங்குவதில் சிரமம், குரல் கம்மல் ஆகியவை தொடக்கத்தில் பொதுவானவை, பெரும்பாலும் தற்காலிகமானவை. எலும்பு இணைய மூன்று மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும். புகைபிடித்தல் அதைத் தடுக்கிறது. இணைந்த இடத்தில் அசைவு நின்றுவிடுவதால், காலப்போக்கில் அடுத்த வட்டுகளிலும் தேய்மானம் தோன்றலாம். அசைவைக் காக்கும் செயற்கை வட்டு, தகுந்த நோயாளிகளுக்கு மாற்றுவழி.